சர்வர் டவுனில் இருக்கிறார்

என் வீட்டுக்காரர் மணிவண்ணனுக்கு வாயில் வராத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'தெரியாது' என்பதுதான். நிலாவுக்கு வழி கேட்டால்கூட "செம்மேடு தாண்டி இடது கைப் பக்கம் ஒரு ரோடு பிரியும் பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவார். கல்யாணமான புதிதில் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிற மனுஷன் நமக்குக் கிடைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். பாதிக்குமேல் அப்போதைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்பது போகப் போகத்தான் புரிந்தது.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. பத்தாவது வரை எங்கள் மலையிலேயே படித்துவிட்டு, பதினொன்றாவதுக்கு மலைக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துச் சேர்ந்திருக்கிறார். முதல் நாளே வாத்தியார் கூப்பிட்டு மிஷினை ஆன் பண்ணு என்றாராம். இவர் போய் டிவி மாதிரி இருந்த திரையில் பட்டனை அமுக்கி, சின்ன விளக்கு எரிந்ததும் "ஆன் ஆயிருச்சுங்க சார்" என்றிருக்கிறார். மேசைக்கு அடியில் இருந்த பெட்டிதான் கம்ப்யூட்டர் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். "மலையில இருந்து இறங்கி வந்தா இப்படித்தான்" என்று ஒருத்தன் சொல்ல, அந்த வருஷம் முழுக்க இவருக்கு 'ஆன் ஆயிருச்சு' என்பதே பெயர். அன்றிலிருந்துதான் தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளும் வீராப்பு வந்து ஒட்டிக்கொண்டது. இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை, இருட்டில் கரண்ட் இல்லாத நேரத்தில்தான் சொன்னார்.

ஆனால் வைராக்கியக்காரர். விடாமல் படித்தார். நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் பில் அடித்தார். பிறகு மலைக்குத் திரும்பி வந்து, ஆலத்தூர் நாட்டு ஊர்களுக்குப் பிரிகிற ரோட்டு முக்கில் ஒரு அறை பிடித்து 'மணி ஆன்லைன் சென்டர்' என்று போர்டு மாட்டினார். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, பிரிண்டர் ஒன்று. ஒரு மூலையில் என் தையல் மிஷின். சாதிச் சான்று, வருமானச் சான்று, கரண்ட் பில், பரீட்சை ரிசல்ட் என்று எதற்கும், செம்மேட்டில் வேறு சென்டர் இருந்தும், எங்கள் பக்கத்து ஜனங்கள் இவரிடம்தான் வந்தார்கள். கடை திறந்த அன்று ஊர்க்காரர்கள் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். இவருக்கும் சேர்த்துக் காட்டாத குறைதான். 'கம்ப்யூட்டர் மணி' என்று கூப்பிடும்போதெல்லாம் இவர் முதுகு ஒரு விரற்கடை நிமிரும். எனக்குத் தெரியாதா, நான்தானே சட்டை தைக்கிறேன்.

இந்த ஆடி பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயில் விசேஷம் என்று கடையைச் சில நாள் பூட்டி வைத்திருந்தோம். திறந்த அன்றே சனியன் பிடித்தது. மிஷின் நன்றாகத்தான் கிளம்பும். கொஞ்ச நேரம் ஓடும். ஏதாவது முக்கியமாக அடித்துக்கொண்டிருக்கும்போது 'டக்'கென்று அணைந்து, தானாகவே மறுபடி கிளம்பும். சில நேரம் திரை முழுக்க நீலமாகி, ஒரு சோக மூஞ்சிப் பொம்மை வந்து நிற்கும். அந்தப் பொம்மை என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் அழுகிறது என்று எனக்குத் தோன்றும்.

இவர் சும்மா இருப்பாரா? பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். ரேம் என்கிற மெமரி அட்டையை உருவி, ரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினார். வாயால் ஊதினார். பிளக் சொருகுகிற வயர் பெட்டியை மாற்றினார். யு.பி.எஸ். பேட்டரிதான் காரணம் என்றார், அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கரண்டில் சொருகினார். வைரஸ் என்றார், எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை முதலிலிருந்து ஏற்றினார். ஏற்றி முடிப்பதற்குள் நாலு தடவை அணைந்தது. ஒவ்வொரு தடவையும் மூடியை மாட்டிவிட்டு "இனிமே போகாது பாரு" என்பார். அவர் வாய் மூடுவதற்குள் அது போய்விடும்.

பேளுக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிற ஜாபர் உசேன் பாயிடம்தான் இந்த மிஷினையே வாங்கியது. போன் போட்டார். பாய் கேட்டுவிட்டு, "மணி, போன்ல வைத்தியம் பாக்க முடியாதுங்க. பெட்டியைத் தூக்கிட்டுக் கீழ வந்துருங்க" என்றார். இவர் "பாக்கறேன் பாய்" என்று வைத்துவிட்டார்.

"போயிட்டு வந்துருங்களேன்" என்றேன்.

"கம்ப்யூட்டர்காரனே கம்ப்யூட்டரைத் துணியில கட்டி மடியில வெச்சுக்கிட்டு பஸ்ல போனா ஊர் என்ன பேசும்? நோயாளியக் கூட்டிட்டுப் போற மாதிரி!" என்றார்.

அப்படியானால் வருகிற ஜனங்களுக்கு என்ன சொல்வது? அதற்கு அவரிடம் ஒரு வார்த்தை கைவசம் இருந்தது. நிஜமாகவே சில நாள் அரசாங்கத்து வெப்சைட் வேலை செய்யாது. அப்போது எல்லா சென்டரிலும் சொல்கிற வார்த்தைதான். 'சர்வர் டவுன்.' தன் மிஷின் ரிப்பேர் என்று சொன்னால் மானம் போகும். சர்வர் டவுன் என்றால் பழி எங்கேயோ இருக்கிற சர்வருக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

அந்த நேரத்தில்தான் பாவாயி அக்கா வந்தார். பெரக்கரை நாட்டு மலைக்கிராமத்துக்காரர். குச்சிக்கிழங்கும் சாமையும் போடுகிற குடும்பம். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ஏனுங் சாமி, எங்கூட்டுக்காரரு பலா மரத்துல இருந்து உழுந்துட்டாருங்க. தொடை எலும்பு முறிஞ்சுபோச்சு. கீழ ஆஸ்பத்திரில காலுல எடைக்கல்லு கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வெச்சிருக்காங்க. பையன் தொணைக்கு இருக்கறான். காப்பீட்டு அட்டை இருந்தாத்தான் உள்ள பிளேட்டு வெப்பாங்களாம். அதுக்கு வருமானச் சான்று வேணுமாம். நாள் போனா எலும்பு கோணலாச் சேந்துக்கும், சீக்கிரம் கொண்டாம்மான்னு டாக்டரு சொல்றாருங்க."

"இப்பவே போட்டுருவோமுங்க்கா, உக்காருங்க" என்றார் இவர். கருப்பண்ணன் என்று பெயரை அடித்தார். ரேஷன் கார்டு எண்ணை அடித்தார். டக். திரை கறுத்தது. மறுபடி அடித்தார். மறுபடி டக். மூன்றாம் தடவை அந்த அழுமூஞ்சிப் பொம்மை வந்தது. அந்தம்மா பார்த்துவிடக் கூடாதென்று திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சர்வர் டவுனுங்க்கா" என்றார்.

"டவுனுங்களா?"

"ஆமாங்க்கா. இன்னிக்கு எங்க போனாலும் இதே கதைதான். நாளைக்கு வாங்க."

அக்கா தலையாட்டிவிட்டு வந்த வழியே நடந்து போனார்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து, "சாமி, சர்வரு டவுன்ல இருந்து வந்துட்டாருங்களா?" என்றார்.

தைத்துக்கொண்டிருந்த நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சர்வர் என்பது ஒரு ஆள், பெரிய ஆபீசர், அவர் டவுனுக்குப் போயிருக்கிறார், அவர் வந்தால்தான் வேலை நடக்கும் என்று அந்தம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். தப்பு அவர் பேரில் இல்லை. டவுன் என்றால் நமக்கெல்லாம் டவுன்தானே? ஓட்டலில் இட்லி வைக்கிறவரும் சர்வர்தானே?

என் வீட்டுக்காரருக்கும் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். அந்தம்மாவைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார், சிரித்துக்கொண்டே விளக்கிவிடுவார் என்று நான் நினைத்தேன்.

"இன்னும் இல்லீங்க்கா. டவுன்லதான் இருக்காரு" என்றார்.

இருக்காரு என்றார். இருக்குது என்றுகூட இல்லை, இருக்காரு! அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அக்கா போனதும் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்குதா? அந்தம்மா ஆளுன்னு நெனைச்சுட்டுப் போவுது. புருஷன் அங்க கால் தொங்கிட்டுக் கெடக்கறான். மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொன்னா உங்க தலையில இருக்கற கிரீடம் கழண்டு உழுந்துருமா?"

"மெதுவாப் பேசு. சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணிருவேன். அப்பறம் என்ன இருக்குது?" என்று மறுபடியும் மூடியைக் கழற்ற உட்கார்ந்தார். திருகாணி கீழே விழுந்து உருண்டோடிப் போயிற்று. அதைத் தேடுகிற சாக்கில் வெகுநேரம் மேசைக்கு அடியிலேயே இருந்தார்.

அதற்கடுத்த நாளும் சரியாகவில்லை. ஆனால் பாவாயி அக்கா வரவில்லை. இவருக்கு நிம்மதி. "பையன் கீழயே எங்கியாவது பதிஞ்சிருப்பான்" என்று தானாகவே ஒரு முடிவு கட்டிக்கொண்டார். நன்றாகச் சாப்பிட்டார்கூட.

மறுநாள் காலையில் ஜாபர் உசேன் பாய் போன் பண்ணினார். இவர் கையில் ஸ்குரூடிரைவர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். அது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

"என்னய்யா மணி, ஒரு அம்மாகிட்ட என்ன சொல்லி அனுப்பிச்சிருக்கே?" பாய் எப்போதும் இவரை வாங்க போங்க என்றுதான் பேசுவார். அன்றைக்கு அது இல்லை.

விஷயம் இதுதான். அன்று பேளுக்குறிச்சியில் சந்தை. பாவாயி அக்காவுக்கு மலைக்குக் கீழே இருப்பதெல்லாம் டவுன்தான். ஒரு பெரிய பலாப்பழத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்கியிருக்கிறார். ஆபீசரை வெறுங்கையோடு பார்க்கக் கூடாதல்லவா? சந்தைக்குள் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "சர்வரு எங்கீங்க இருப்பாரு?" என்று கேட்டிருக்கிறார். ஒருத்தன் ஓட்டலைக் கை காட்டியிருக்கிறான். உள்ளே போய்க் கேட்டதும், வாளியோடு சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த ஆள் "நான்தாம்மா சர்வர், என்ன வேணும்?" என்றிருக்கிறார். அக்கா பலாப்பழத்தை அவர் காலடியில் இறக்கி வைத்து, இரண்டு கையையும் கூப்பி, "ஐயா, எங்கூட்டுக்காரரு பேரு கருப்பண்ணனுங்க. நீங்க மனசு வெச்சாத்தான் அவரு எந்திரிச்சு நடப்பாரு" என்று அழுதிருக்கிறார்.

அந்த சர்வர் வாளியை வைத்துவிட்டுப் பேந்தப் பேந்த விழித்தாராம். டீ குடிக்கப் போன பாய் இதையெல்லாம் பார்த்திருக்கிறார். மலையில் மணிவண்ணன் தம்பிதான் சொல்லுச்சு என்று அக்கா சொன்னதும், யார் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

என் வீட்டுக்காரர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"சிரிச்சாங்களா பாய்?"

"சிரிக்காம? ஓட்டலே சிரிச்சுது. 'மலையில இருந்து வந்திருக்குதப்பா'ன்னு ஒருத்தன் சொல்றான். எனக்கே நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அவரு வேற சர்வருன்னு மட்டும் அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கேன், மத்தியான பஸ்ல கூட்டிட்டு நானே மேல வாரேன். நீ எங்கியும் போயிராதே."

இவர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது. சொல்லப்போனால் என்னையும்தான். அந்தம்மா போன அன்றே நான் ஓடிப்போய் வழியில் நிறுத்திச் சொல்லியிருக்கலாம். புருஷனைத் திட்டியதோடு என் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் பாய் பஸ்ஸை விட்டு இறங்கினார். பின்னால் அக்கா. பாய் தலையில் அந்தப் பலாப்பழம். வெள்ளைச் சட்டையெல்லாம் பால் பிசின். அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தார். பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கத்தைத் திருப்பினார். நாங்கள் இருவரும் எட்டிப் பார்த்தோம்.

கரண்ட் வாங்குகிற டப்பாவின் விசிறி ஓட்டையை அடைத்துக்கொண்டு, உருண்டையாக, நேர்த்தியாக ஒரு குளவிக் கூடு. மண் உள்ளேயும் இறங்கி விசிறியைச் சுற்றவிடாமல் கவ்விப் பிடித்திருந்தது. சூடு வெளியே போக வழியில்லை, அதனால்தான் மிஷின் அணைந்து அணைந்து எழுந்திருக்கிறது. கடை பூட்டிக் கிடந்த நாட்களில் வேலையை முடித்திருக்கிறது குளவி. பிறகும் அது மேசைக்குப் பின்னால் போய்வந்ததை நாங்கள் இருவருமே பார்த்தோம். குளவி கூடு கட்டினால் வீட்டில் தொட்டில் ஆடும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் விரட்ட மாட்டார்கள். நல்ல சேதிதான் வரப்போகிறது என்று நான் வேறு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அத்தனை தடவை பக்கவாட்டு மூடியைக் கழற்றிய மனுஷன், பின்பக்கம் ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை.

பாய் கூட்டைப் பெயர்த்தெடுத்து, டப்பாவைக் கழற்றி மண்ணைச் சுரண்டி, விசிறியைத் துடைத்து மாட்டினார். மிஷின் கிளம்பியது. அணையவில்லை.

அக்கா உள்ளே வந்து நின்றார். "சர்வரு வந்துட்டாருங்களா சாமி?"

பாய் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இதற்குமேல் ஒருத்தனுக்கு வாய்ப்பு தர முடியாது. கதவைத் திறந்து வைத்து விளக்கும் ஏற்றி வைத்த மாதிரி.

"வந்துட்டாருங்க்கா" என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

விண்ணப்பம் அன்றே போயிற்று. அக்கா அழுதுகொண்டே சிரித்தார். போகும்போது பலாப்பழத்தைத் தொட்டு, "இத அந்த சர்வருக்கே குடுத்துருங்க சாமி. அவரு நல்லாருக்கோணும்" என்றார். பாய் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இவரிடம், "மணி, மிஷினை நான் சரி பண்ணிட்டேன். மிச்சத்த நீதான் பாக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பழம் கடையிலேயே கிடந்தது. வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்றால் வேண்டாம் என்றார். அக்கம்பக்கத்தில் கொடுக்கலாமா என்றால் "தொடாதே" என்று சீறினார். பலாப்பழத்தை ஒளித்து வைக்க முடியுமா? பழுத்து, ரோடு வரைக்கும் மணத்தது. வருகிறவர்களெல்லாம் "என்னங்க மணி, பழம் வெட்டலியா?" என்று கேட்டார்கள். ஒவ்வொருத்தர் கேட்கும்போதும் இவர் குனிந்து கீபோர்டைத் துடைத்தார். கடைசியில் அழுகி ஈ மொய்த்தது. நானே தூக்கிக்கொண்டு போய்க் குழி வெட்டிப் புதைத்தேன். தின்கிற பொருளைப் புதைக்கிறோமே என்று வயிறு எரிந்தது.

இவர் அப்புறம் பழைய ஆளாக இல்லை. தூக்கத்தில் புரண்டார். கம்ப்யூட்டர் மணி என்று யாராவது கூப்பிட்டால் கூனிக்குறுகினார். "போயிச் சொல்லிட்டு வந்துருங்க" என்று நான் சொல்லும்போதெல்லாம் "சொல்றேன்" என்பார். போக மாட்டார்.

சான்று வந்தது, அட்டை வந்தது, ஆபரேஷனும் நடந்தது. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் பாவாயி அக்காவும் கருப்பண்ணன் அண்ணனும் கடைக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் கையில் கோல். வலது கால் கொஞ்சம் குட்டையாக, வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பை ஒரு தூக்குத் தூக்கித்தான் வைத்தார்.

"இனி மரமேற முடியாதாமுங்க" என்றார் அக்கா. "எலும்பு கோணலாச் சேர ஆரம்பிச்சிருச்சாம். இன்னும் கொஞ்சம் வெரசா வந்திருந்தா நல்லாருந்திருக்கும்னு டாக்டரு சொன்னாரு. ஆனா உசுரோட எந்திரிச்சு நிக்கறாரே, அது போதுமுங்க. எல்லாம் நீங்களும் அந்த சர்வரும் பண்ணுன புண்ணியம்." மடியிலிருந்து ஒரு பொட்டலம் மிளகை எடுத்து மேசைமேல் வைத்தார்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"அக்கா, சர்வர்னு ஒரு ஆளே இல்லீங்க. நான் சொன்னது பொய். என்னோட மிஷின் கெட்டுப்போயிருந்துச்சு. எனக்கு அதச் சரி பண்ணத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனாலதான் அப்படிச் சொன்னேன்."

தெரியல என்று அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படுகிற நிலையில் யாரும் இல்லை.

பாவாயி அக்கா கோபப்படவில்லை. அவர் திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இவரையே புரியாமல் பார்த்தார். பிறகு அண்ணனுடைய காலைப் பார்த்தார்.

"மிஷினு ரிப்பேருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அன்னிக்கே செம்மேட்டு பஸ் ஏறிப் போயி அங்க பதிஞ்சிருப்பனே சாமி" என்றார். "பஸ்ஸு உங்க கடை முன்னாலதானே நிக்குது."